அவிழ்த்தது தவறில்லை

நாற்பத்தெட்டு வயதில் மறுபடியும் மாணவியாகப் போய்ச் சேர்ந்தவளை அந்தப் பெரிய மருத்துவமனையின் இளம் டாக்டர்கள் 'பெரியம்மா' என்று அழைத்தார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால்தான். ஒரே வாரத்தில் அது அவள் காதுக்கு எட்டிவிட்டது. மறுநாள் கேன்டீனில் அவர்கள் நான்கு பேர் உட்கார்ந்திருந்த மேசைக்கு நேராகப் போனாள். "பெரியம்மாவுக்கும் கொஞ்சம் இடம் விடுங்கப்பா" என்று தட்டை வைத்து உட்கார்ந்தாள். நால்வரும் தட்டைப் பார்த்தே சாப்பிட்டு முடித்தார்கள். அதற்குப் பிறகு அந்தப் பெயரை முகத்துக்கு நேராகவே சொல்லத் தொடங்கினார்கள். அவளும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள்.

அதற்கு முன்னால் இருபது வருடம் வேறொரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் டியூட்டி டாக்டராக இருந்தவள் அவள். அவசரப் பிரிவில் வயதானவர்களின் முறை கடைசியில்தான் வரும். அடிபட்டவன், நெஞ்சு வலிக்காரன், காய்ச்சலில் துவண்ட குழந்தை எல்லாம் முடிந்த பிறகு, சுவரோரம் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து "உங்களுக்கு என்ன?" என்று கேட்பார்கள். அவர் தலைசுற்றல் என்பார், அசதி என்பார். சீட்டில் 'வயது காரணமான தளர்ச்சி' என்று எழுதி, ஒரு சத்து மாத்திரையைக் கொடுத்து அனுப்புவார்கள். அவளும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தாள். அந்த மூன்று சொற்களைப் போல் வேலையைச் சீக்கிரம் முடித்துவைப்பது வேறொன்றும் இல்லை.

கடிகாரம் பழுது பார்க்கும் ஒருவர் இருந்தார். எழுபத்தாறு வயது. ஒரே மாதத்தில் மூன்று முறை வந்தார். இரண்டாவது முறை வந்தபோது சட்டைப்பையிலிருந்து இரண்டு மாத்திரை அட்டைகளை எடுத்து நீட்டினார். "டாக்டர், இது ஒரு டாக்டர் குடுத்தது, இது இன்னொருத்தர் குடுத்தது. ரெண்டும் ஒண்ணா இருக்குமோன்னு எனக்கு ஒரு சந்தேகம்" என்றார். வெளியே விபத்தில் அடிபட்ட இருவரை இறக்கிக்கொண்டிருந்தார்கள். "டாக்டருங்க சொன்னபடி சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு ஓடினாள். மூன்றாவது முறை அவர் தள்ளுவண்டிப் படுக்கையில் வந்தார். குளியலறையில் தலைசுற்றி விழுந்து இடுப்பெலும்பு முறிந்திருந்தது. அன்றைக்குத்தான் அட்டைகளை வாங்கிப் பார்த்தாள். பெயர்தான் வேறு வேறு, மருந்து ஒன்றுதான். இரத்த அழுத்த மாத்திரையை அந்த மனிதர் இரட்டிப்பாக விழுங்கிக்கொண்டிருந்தார். சந்தேகம் அவருக்கு வந்திருந்தது. அவளுக்குத்தான் வரவில்லை.

"நான் அப்பவே கேட்டேன்ல டாக்டர்" என்று மட்டும் சொன்னார். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் அவளைத் தூங்க விடவில்லை.

முதியோர் மருத்துவத்தில் இரண்டு வருட ஃபெல்லோஷிப் பயிற்சி இருக்கிறது என்று அறிந்ததும் விண்ணப்பம் போட்டாள். வீட்டில் சொன்னபோது கணவர் செய்தித்தாளிலிருந்து தலை தூக்கினார். கல்லூரி நூலகர், எதையும் இரண்டு முறை படித்த பிறகே பேசுகிறவர். "நீ முடிவு பண்ணிட்டுத்தானே சொல்ற?" என்றார். "ஆமா." "அப்ப நல்லதுதான்." நாத்தனார்தான் விடவில்லை. "ஏன் அண்ணி, வயசானவங்களுக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு போட்டு நாலு வார்த்தை அன்பாப் பேசினாப் போதாதா? அதுக்கும் ஒரு படிப்பா?" "குழந்தைகளுக்கும் அதுதானே வேணும். குழந்தை டாக்டர் எதுக்கு?" என்று கேட்டாள் அவள். நாத்தனார் அன்று அத்தோடு நிறுத்திக்கொண்டார். மறுநாள் வேறு இடத்திலிருந்து ஆரம்பித்தார்.

நேர்முகத் தேர்வில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் அவளுடைய தாள்களைப் புரட்டி, பிறந்த தேதியில் விரலை வைத்தார்.

"முடிக்கிறப்ப உங்களுக்கு ஐம்பது ஆயிடும். அப்புறம் எத்தனை வருஷம் வேலை பார்ப்பீங்க? சின்னப் பசங்களுக்கு இடம் குடுத்தா நாட்டுக்குப் பிரயோஜனமா இருக்குமே."

"சார், இது எந்தத் துறைக்கு இன்டர்வியூ?"

"என்னம்மா இது, முதியோர் மருத்துவம்."

"முதியோர் மருத்துவத்துலயே வயசு ஒரு குறைன்னா, நான் வேற எந்தத் துறைக்குப் போறது?"

ஓரத்தில் இருந்த ஒருவர் இருமுவதுபோல் சிரிப்பை மறைத்தார். அவர்தான் துறைத்தலைவர். அவளைவிட ஒன்பது வயது இளையவர். அந்த வருடம் வேறு யாரும் விண்ணப்பிக்கவில்லை என்பதும் அவளுக்கு உதவியது. அதைப் பின்னால் அவரே சொன்னார்.

துறை என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. பழைய கட்டடத்தின் தரைத்தளத்தில், துணி வெளுக்கும் பகுதிக்குப் பின்னால் நான்கு அறைகள், பன்னிரண்டு கட்டில்கள். சுவருக்கு அந்தப் பக்கம் துவைக்கும் இயந்திரம் ஓடினால் இந்தப் பக்கம் மேசையில் பேனா உருளும். தலைவர் அவளை 'மேடம்' என்பார், அவள் அவரை 'சார்' என்பாள். யார் யாருக்குப் பாடம் எடுக்கிறார்கள் என்று வெளியாட்களுக்குக் குழப்பம் வரும்.

படிப்பு அவள் நினைத்ததுபோல் இல்லை. இருபது வருட அனுபவம் வாசலிலேயே நின்றுவிட்டது. நோயாளியின் மாத்திரைப் பையை மேசையில் கவிழ்த்து ஒவ்வொன்றாகப் பிரித்து, எது எதற்கு, யார் கொடுத்தது, எப்போதிலிருந்து என்று கேட்க வேண்டும். பதினேழு மாத்திரையோடு வந்தவரை ஆறோடு அனுப்புவதற்கு, ஆறு புது மாத்திரை எழுதுவதைவிட அதிகம் தெரிந்திருக்க வேண்டும். நாற்காலியிலிருந்து எழுந்து, பத்தடி நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லி நொடிகளை எண்ண வேண்டும். காலுறையைக் கழற்றி நகத்தைப் பார்க்க வேண்டும். காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா, பல்செட் ஆடுகிறதா, கண்ணாடி யாருடையது என்று பார்க்க வேண்டும். ஒருமுறை ஒருவர் இறந்துபோன தம்பியின் கண்ணாடியை மூன்று மாதமாகப் போட்டுக்கொண்டு பார்வை மங்குகிறது என்று சொல்லிக்கொண்டிருந்ததை அவள் கண்டுபிடித்தாள். தலைவர் அன்று அவளுக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

ஒன்றரை வருடம் இப்படிப் போயிற்று. பிறகு கணக்கு டீச்சர் வந்தார்.

டீச்சருக்கு எண்பத்துமூன்று வயது. கல்யாணம் செய்துகொள்ளாமல் தனியாக வாழ்ந்தவர். வீட்டு வாசற்படியில் தடுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்து, மேல் மாடியில் இருந்த எலும்பு வார்டில் அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. அக்கா மகன் ஒருவர்தான் துணை. அறுவை முடிந்த இரண்டாம் நாள், 'நோயாளி புத்தி பேதலித்துக் கத்துகிறார், வந்து பார்க்கவும்' என்று கீழே துறைக்குச் சீட்டு வந்தது. பெரியம்மா போனாள்.

அது முப்பத்திரண்டு கட்டில்கள் இருந்த வார்டு. டீச்சரின் இரண்டு மணிக்கட்டுகளும் துணிப்பட்டையால் கட்டில் கம்பியோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. தோல் சிவந்து கன்றியிருந்தது. டீச்சர் விட்டத்தைப் பார்த்து அதட்டிக்கொண்டிருந்தார். "மூணாவது வரிசை, திரும்பாதே. பக்கத்துத் தாளைப் பாக்காதே."

ஹெட் சிஸ்டர் அருகில் வந்தார். இருபத்தைந்து வருடம் அந்த வார்டில் இருந்தவர். "டிரிப் குழாயை ரெண்டு தரம் பிடுங்கிட்டாங்க டாக்டர். காலை ஊன்றி எழுந்திருக்கப் பாக்கறாங்க. நான் கட்டச் சொன்னேன். என்னை ஒண்ணும் சொல்லாதீங்க. ஒரு ஷிப்டுக்கு நாங்க ரெண்டு பேர், முப்பத்திரண்டு கட்டில்."

"உங்களை ஒண்ணும் சொல்லல சிஸ்டர். கண்ணாடி எங்க இருக்கு?"

அது அலமாரிக்குள் இருந்தது. காது மிஷினும் அங்கேயே, பேட்டரி தீர்ந்து கிடந்தது. பெரியம்மா வயிற்றில் கை வைத்தாள். தொப்புள் வரைக்கும் சிறுநீர்ப்பை வீங்கி நின்றது. அறுவைக்காகப் போட்டிருந்த சிறுநீர்க் குழாயை முந்தின நாள் எடுத்ததிலிருந்து டீச்சர் சிறுநீர் கழிக்கவே இல்லை. யாரும் கவனிக்கவில்லை. கத்தாமல் இருப்பதற்காக இரண்டு முறை தூக்க ஊசி போட்டிருந்தார்கள். அந்த ஊசி சிறுநீரை இன்னும் அடைக்கும், புத்தியை இன்னும் குழப்பும். வயிறு வெடிப்பதுபோல் வலிக்கிறது, கண் தெரியவில்லை, காது கேட்கவில்லை, கையைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள். இந்த நிலையில் கத்தாமல் இருந்தால்தான் புத்தி பேதலித்தது என்று அர்த்தம்.

குழாய் போட்டதும் ஒரு லிட்டருக்கு மேல் இறங்கியது. கண்ணாடியைத் துடைத்து மாட்டிவிட்டாள். பேட்டரி வாங்க ஆளை அனுப்பினாள். தூக்க ஊசியை நிறுத்தி எழுதினாள். பிறகு கட்டை அவிழ்த்தாள். முடிச்சு இறுகியிருந்தது. நகத்தால் நெம்பி எடுக்க வேண்டியிருந்தது.

"எலும்பு டாக்டர் கேப்பாரே" என்றார் ஹெட் சிஸ்டர்.

"நான் அவிழ்த்தேன்னு சொல்லுங்க. கேஸ் ஷீட்டுலயும் எழுதிடறேன்."

இரண்டு நாளில் டீச்சர் தெளிந்துவிட்டார். தேதி சொன்னார், கிழமை சொன்னார், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வரச் சொன்னதற்கு, "கடைசியில ரெண்டு மிச்சம் வரும், அதைத்தானே கேக்கறீங்க?" என்றார். வார்டே சிரித்தது. எலும்பு டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. கைராசிக்காரர், கெட்டவரும் அல்ல. பதினாயிரம் எலும்புகளை நேராக்கியவர். தான் வைத்த தகட்டை ஒரு நோயாளி எழுந்து நடந்து கெடுத்துவிடுவாரோ என்பதுதான் அவருடைய கவலை. "என் பேஷண்ட்டைக் கட்டறதும் அவிழ்க்கறதும் என் முடிவு மேடம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

நான்காம் நாள் மதியம் இரண்டு மணி. ஷிப்டு மாறும் நேரம். ஒரு செட் நர்சுகள் பொறுப்பை ஒப்படைத்துக்கொண்டிருந்தார்கள், இன்னொரு செட் வாங்கிக்கொண்டிருந்தது. டீச்சருக்குக் கழிவறை போக வேண்டியிருந்தது. மணியை அடித்தார். யாரும் வரவில்லை. கட்டிலிலிருந்து தானே இறங்கினார். மூன்றாவது அடியில் விழுந்தார்.

இடது மணிக்கட்டு விரிசல் கண்டது. புருவத்தில் மூன்று தையல். அறுவை செய்த தொடைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் எலும்பு டாக்டர் முகம் கறுத்துப் போயிற்று. அன்று மாலையே மேலிடத்துக்கு எழுத்தில் புகார் போய்விட்டது. அனுமதி இல்லாமல் பாதுகாப்புக் கட்டை அகற்றியதால் நோயாளிக்குக் காயம்.

பெரியம்மா அன்று டீச்சரின் கட்டில் அருகே நின்றாள். புருவம் நீலமாக வீங்கியிருந்தது. விழக்கூடும் என்று அவளுக்குத் தெரியும். புத்தகத்தில் படித்திருந்தாள், பரீட்சைக்கு எழுதியும் இருந்தாள். தெரிந்ததை அவள் யாரிடமும் சொல்லி ஏற்பாடு செய்யவில்லை.

இரண்டு நாள் கழித்துத் துறைத்தலைவர் அவளைக் கூப்பிட்டார். மேசையில் தட்டச்சு செய்த ஒரு தாள் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"மேடம், நாலு வரிதான். ஒரு கையெழுத்து. எல்லாரும் இதை மறந்துடுவாங்க. இன்னும் அஞ்சு மாசம்தான் இருக்கு உங்களுக்கு."

அவள் படித்தாள். 'கட்டுகளை அகற்றியது என்னுடைய தவறான மருத்துவ முடிவு என்பதை உணர்கிறேன். அதற்காக வருந்துகிறேன். இனி இவ்வாறு நேராது என உறுதி அளிக்கிறேன்.'

"சார், இதை நீங்க நம்பறீங்களா?"

அவர் தலையைச் சொறிந்தார். "நான் நம்பறதா முக்கியம்? பன்னிரண்டு கட்டிலோட ஒரு துறையைக் காப்பாத்திக்கிட்டு இருக்கேன் மேடம். மேல இருக்கறவங்களைப் பகைச்சுக்கிட்டா இதையும் குடோன் ஆக்கிடுவாங்க."

"முதல் மாசம் நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க, கட்டினா விழறது குறையாது, குழப்பம்தான் கூடும்னு? கரும்பலகையில எழுதினீங்க. நான் நோட்டுல எழுதி வச்சிருக்கேன். தேதியோட."

மேசையில் உருண்ட பேனாவை அவர் பிடித்து நிறுத்தினார். அவள் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

வீட்டில் கணவர் அந்தத் தாளை வழக்கம்போல் இரண்டு முறை படித்தார். "கையெழுத்துப் போட்டா என்ன ஆகும்?"

"நாளைக்குப் பக்கத்துக் கட்டில்ல இருக்கறவரைக் கட்டுவாங்க. நான் போய் அவிழ்க்கச் சொன்னா இந்தத் தாளைக் காட்டுவாங்க."

"போடலைன்னா?"

"சர்டிபிகேட் வராம போகலாம்."

அவர் தாளைத் திருப்பிக் கொடுத்தார். "இருபது வருஷம் அது இல்லாமத்தானே டாக்டரா இருந்தே. சாப்பிட வா."

விசாரணைக்கு மேல்தளத்து அறையில் நால்வர். மருத்துவக் கண்காணிப்பாளர், பயிற்சிப் பொறுப்பாளர், எலும்பு டாக்டர், ஒரு நிர்வாக அதிகாரி. துறைத்தலைவர் சுவரோரம் தனி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தட்டச்சுத் தாளின் இன்னொரு பிரதி அவளுக்காக மேசையில் தயாராக இருந்தது. பேனாவையும் பக்கத்தில் வைத்திருந்தார்கள்.

அவள் பேனாவை எடுத்தாள். எல்லோரும் நிம்மதியாக நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அவள் அந்த நான்கு வரிகளையும் அடித்துவிட்டு, கீழே தன் கையால் எழுதத் தொடங்கினாள். எழுதி முடிக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. யாரும் குறுக்கிடவில்லை. எழுந்து நின்று அவளே வாசித்தாள்.

கட்டை அவிழ்த்தது தவறில்லை. அதற்காக நான் வருந்தவில்லை. அவிழ்த்துவிட்டுப் போனதுதான் தவறு. கட்டிலைத் தாழ்த்தச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. ஷிப்டு மாறும் நேரத்துக்கு முன்னால் கழிவறைக்கு அழைத்துப் போக ஏற்பாடு செய்திருக்க வேண்டும், செய்யவில்லை. எலும்பு டாக்டரிடம் நேரில் பேசியிருக்க வேண்டும், பேசவில்லை. இந்த மூன்றுக்கும் நான் பொறுப்பு. இந்த மூன்றுக்கும் என்ன தண்டனையோ ஏற்கிறேன். இன்னொரு நோயாளியை இதே நிலையில் பார்த்தால் மறுபடியும் அவிழ்ப்பேன்.

"இது மன்னிப்புக் கடிதம் இல்ல" என்றார் நிர்வாக அதிகாரி.

"இல்லைங்க. இது நடந்தது."

கண்காணிப்பாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "குடும்பத்தோட புகார் கடிதம் வந்தா விஷயம் பெரிசாயிடும். அது தெரியுமா உங்களுக்கு? அவங்க அக்கா மகனைக் கூப்பிட்டிருக்கோம்."

அக்கா மகன் வெளியே காத்திருந்தார். ஆனால் அவர் மட்டும் வரவில்லை. கதவைத் திறந்தபோது சக்கர நாற்காலி உள்ளே வந்தது. அதில் கணக்கு டீச்சர், மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, புருவத்தில் பிளாஸ்திரியோடு. பின்னால் தள்ளிக்கொண்டு வந்தவர் ஹெட் சிஸ்டர். அக்கா மகன் அவர்களுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டவர்போல் நின்றார்.

"சித்திதான் வருவேன்னு அடம் பிடிச்சாங்க" என்றார் அவர்.

டீச்சர் நால்வரையும் வரிசையாகப் பார்த்தார். "புகார் எழுதச் சொல்லி இவனைக் கேட்டிருக்கீங்க. விழுந்தது இவனா? விழுந்தது நான். என்னைக் கேக்கணும்னு யாருக்கும் தோணலையா?"

கண்காணிப்பாளர் கழற்றிய கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"யாரும் என்னைத் தள்ளல. பெல்லை ஏழு தரம் அடிச்சேன். எண்ணிக்கிட்டேதான் அடிச்சேன். அப்புறம் எழுந்து போனேன். போகாம படுக்கையை நனைக்கச் சொல்றீங்களா?"

எலும்பு டாக்டர் தணிந்த குரலில் பேசினார். "டீச்சர், உங்க நல்லதுக்குத்தான் கட்டினோம்."

"தெரியும் தம்பி. நாப்பது வருஷம் பசங்க நல்லதுக்குத்தான்னு நானும் பிரம்பு எடுத்தேன். இப்ப நினைச்சா வெக்கமா இருக்கு." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "அந்த ரெண்டு நாள்ல எனக்கு நிறைய ஞாபகம் இல்ல. ஒண்ணு மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு. மூக்கு அரிச்சுது. அவ்வளவுதான். ஒரு பகல் முழுக்க மூக்கைச் சொறிய முடியல. விழுந்த வலி நாலு நாள்ல போயிடுச்சு. அது போகல."

ஹெட் சிஸ்டர் தொண்டையைச் செருமினார். "சார், நானும் ஒண்ணு சொல்லணும். பெல் அடிச்சது எனக்குக் கேட்டுச்சு. ஷிப்டு மாத்திக்கிட்டு இருந்தேன். அஞ்சு நிமிஷத்துல போயிடலாம்னு நினைச்சேன். புகார்ல என் பேரையும் சேர்த்துக்குங்க."

எலும்பு டாக்டர் எதிரில் இருந்த தண்ணீரைக் குடித்தார். டம்ளரைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

தீர்ப்பு ஒரு வாரம் கழித்து வந்தது. பெரியம்மா ஜெயித்துவிட்டாள் என்று சொல்ல முடியாது. பயிற்சி ஆறு மாதம் நீட்டிக்கப்பட்டது. எலும்பு வார்டுக்குள் அந்தத் துறை டாக்டரின் எழுத்து அனுமதி இல்லாமல் அவள் போகக் கூடாது. நடத்தைக் குறிப்பேட்டில் ஒரு வரி ஏறியது. நாத்தனார், "அண்ணி, இனிமேலாவது..." என்று ஆரம்பித்தார். "இனிமே கட்டிலைத் தாழ்த்துவேன்" என்று அவள் முடித்துவைத்தாள்.

ஆனால் உத்தரவின் கடைசியில், இரண்டு பக்கத்தையும் சமாதானப்படுத்துவதற்காகக் கண்காணிப்பாளர் ஒரு வாசகம் சேர்த்திருந்தார். இனி எந்த வார்டிலும் நோயாளியைக் கட்ட நேர்ந்தால், ஏன் கட்டுகிறோம், அதற்கு முன் வேறு என்னென்ன செய்து பார்த்தோம், எப்போது அவிழ்ப்போம் என்று ஒரு படிவத்தில் டாக்டர் எழுத வேண்டும். நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை நேரில் வந்து புதிதாகக் கையெழுத்துப் போட வேண்டும். எழுதியவருக்கே அதன் பலம் தெரிந்திருக்காது. கட்டக் கூடாது என்று தடை போட்டிருந்தால் மருத்துவமனையே திரண்டு எதிர்த்திருக்கும். காரணம் எழுது என்று சொன்னதை எதிர்க்க ஒருவருக்கும் காரணம் கிடைக்கவில்லை.

எலும்பு டாக்டரின் இளம் உதவியாளர்கள்தான் முதலில் சோர்ந்தார்கள். படிவத்தின் இரண்டாவது கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு விழித்தார்கள். வேறு என்ன செய்து பார்த்தோம்? ஒன்றும் செய்து பார்க்கவில்லையே. மூன்றாவது வாரம் ஒருவன் கீழே இறங்கி வந்தான். கேன்டீனில் முதல் வாரம் தட்டைப் பார்த்தே சாப்பிட்ட நால்வரில் ஒருவன்.

"பெரியம்மா, கொஞ்சம் வந்து பாருங்களேன். ஒருத்தர் ரொம்பக் கத்தறார்."

"எனக்கு உள்ள வர அனுமதி இல்லப்பா."

அவன் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். எலும்பு டாக்டரின் கையெழுத்தில் அனுமதி. தேதி போட்டிருந்தது. முடியும் நாள் என்ற இடம் காலியாக விடப்பட்டிருந்தது.

எல்லாம் நல்லபடியாகவே நடந்தது என்றும் இல்லை. எலும்பு வார்டுக்கு ஒரு பேக்கரிக்காரர் வந்தார். அறுவைக்குப் பிறகு நுரையீரல் தொற்று, கடும் குழப்பம். பிராணவாயுக் குழாயைப் பிடுங்கிக்கொண்டே இருந்தார். கண்ணாடி, காது, சிறுநீர், மலச்சிக்கல், வலி, வெளிச்சம், மகளின் குரல், எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. எதுவும் உதவவில்லை. குழாய் போனால் ஒரு மணி நேரம் தாங்க மாட்டார். பெரியம்மாவே படிவத்தை எடுத்து மூன்று கட்டங்களையும் நிரப்பிக் கையெழுத்துப் போட்டாள். தன் கையால் கட்டினாள், முடிச்சுக்குள் இரண்டு விரல் நுழைகிற அளவுக்குத் தளர்த்தி. அந்த நான்கு மணி நேரமும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து, அவர் முகத்தை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். நாலாவது மணியில் அவர் சற்று அடங்கினார். உடனே அவிழ்த்துவிட்டாள். "நீங்களே கட்டிட்டீங்களே மேடம்" என்று எலும்பு டாக்டர் வாசலில் நின்று சொன்னார். குத்தலா, ஆறுதலா என்று அவளுக்குப் புரியவில்லை. "ஆமா சார். எழுதிட்டுக் கட்டினேன்" என்றாள்.

அந்த வருடக் கடைசியில் வார்டுகளிலிருந்து திரும்பி வந்த படிவங்களைத் துறைத்தலைவர் அடுக்கிப் பார்த்தார். முதல் மாதம் நாற்பத்தொன்று. கடைசி மாதம் ஆறு. விழுந்தவர்களின் எண்ணிக்கை ஏறவில்லை. கொஞ்சம் குறைந்திருந்தது. அவர் அந்தக் கணக்கை ஒரு பெரிய தாளில் எழுதி, கண்காணிப்பாளரின் அறை வாசலில் ஒட்டிவிட்டு வந்தார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. "பகைச்சுக்கிட்டா என்ன சார் ஆகும்?" என்று அவள் கேட்டாள். "குடோன் ஆக்கட்டும் பாக்கலாம்" என்றார் அவர். காது மட்டும் சிவந்திருந்தது.

ஆறு மாதம் தாமதமாகச் சான்றிதழ் வந்தது. குறிப்பேட்டில் அந்த ஒரு வரியை எடுத்துவிட மனுப் போடலாம் என்று பயிற்சிப் பொறுப்பாளர் சொன்னார். அவள் போடவில்லை. "இருக்கட்டும் சார். அவிழ்த்ததுக்குத்தானே எழுதியிருக்கீங்க." கணக்கு டீச்சர் தன் வீட்டிலேயே இன்னும் இரண்டு வருடம் இருந்தார். ஒரு முறை மறுபடியும் விழுந்தார், மறுபடியும் எழுந்தார். அக்கா மகன் முதியோர் இல்லத்து விண்ணப்பத்தோடு வந்தபோது, அதில் இருந்த கூட்டல் பிழையைத் திருத்திக் கொடுத்து அனுப்பினாராம்.

பெரியம்மாவுக்கு வேறொரு சின்ன மருத்துவமனையில் வேலை கிடைத்தது. முதல் நாள் அங்கே போனபோது அலுவலகத்தில் இருந்தவர் தலையைக் கூட நிமிர்த்தவில்லை.

"முதியோர் மருத்துவமா? அப்படி ஒரு துறை இங்க கிடையாதும்மா. ரூம் எதுவும் காலி இல்ல. மேல எழுதிக் கேட்டிருக்கோம். வந்ததும் சொல்றோம்."

"எப்ப வரும்?"

"அது என் கையில இல்ல."

ஆண்கள் வார்டுக்கும் பெண்கள் வார்டுக்கும் நடுவில் நீளமான நடைபாதை இருந்தது. ஜன்னல் வெளிச்சம் நன்றாக விழுந்தது. அவள் ஒரு மேசையை ஒரு பக்கம் பிடித்தாள். கூட்டுகிற அம்மா மறுபக்கம் பிடித்தார். இரண்டு நாற்காலிகளை எதிரெதிரே போட்டாள். தரையில் ஒரு துண்டு டேப்பை ஒட்டி, அங்கிருந்து பத்தடி அளந்து இன்னொரு துண்டை ஒட்டினாள். அலுவலகக்காரர் வெளியே வந்து இடுப்பில் கை வைத்து நின்றார்.

"இங்கெல்லாம் உக்காரக் கூடாதும்மா. வழி."

"நடக்கறதுக்குத்தானே வழி? நடக்க வைக்கத்தான் உக்காந்திருக்கேன்."

சுவரோரம் பெஞ்சில் முறை வராமல் காத்திருந்த ஒரு பெரியவர் மடியில் துணிப்பையோடு இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பை நிறைய மாத்திரை அட்டைகள். அவள் அவரைக் கைகாட்டி அழைத்தாள்.

"ஐயா, நீங்க வாங்க. பையையும் கொண்டு வாங்க. எல்லாத்தையும் இதுல கொட்டுங்க."